ஹம்பர் இறக்கிவிட்டவர்

வெள்ளளம் என்னும் எங்கள் ஊரில், பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஏழு மணி பத்து நிமிடத்திற்கு, உப்பு அலுவலகத்தில் எழுத்தராயிருந்து ஓய்வுபெற்ற ஆறுமுகநயினாரின் ஹம்பர் சைக்கிள், எதிரே நடந்துவந்த உப்பளத் தொழிலாளி பேச்சித்தாயைக் கண்டு நின்றது. அது சறுக்கவில்லை, சாயவில்லை, கிறீச்சிடவும் இல்லை. நீண்ட வாக்கியத்தின் நடுவே காற்புள்ளி விழுவதுபோல் நின்றது. ஆறுமுகநயினார் மிதித்துப் பார்த்தார், மிதிகட்டை அசையவில்லை. அவர் ஒரு காலை ஊன்றினார், அதுவும் போதவில்லை. இரண்டு கால்களையும் தரையில் வைத்து அவர் முழுமையாக இறங்கி நின்ற பிறகு, உப்பு அரித்த கருத்த பாதங்களோடும் கையில் தூக்குவாளியோடும் பேச்சித்தாய் அவரைக் கடந்து பத்தடி தொலைவு சென்ற பிறகு, ஹம்பர் மீண்டும் உருளச் சம்மதித்தது.

சைக்கிள் நின்றதைக் கண்டு ஊர் வியக்கவில்லை. வியப்பதற்கு அதைவிடப் பெரிய செய்தி அங்கே இருந்தது: ஆறுமுகநயினார் இறங்கியிருந்தார்.

இதன் கனத்தை வெளியூர் வாசகர் உணர வேண்டுமானால் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சைக்கிளில் போகிறவர் மதிப்புக்குரிய ஒருவரை எதிரே கண்டால், இறங்கி, மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துத் தழையவிட்டு, அவர் கடக்கும்வரை நின்று, பிறகு ஏறிப் போவார். யாருக்கு இறங்குவது, யாருக்குத் தலையை மட்டும் அசைப்பது, யாரைப் பாராதவர்போல் மணியடித்துப் போவது என்பதை ஒவ்வொருவரும் மனத்துக்குள் வகுத்து வைத்திருப்பர். ஆறுமுகநயினாரின் வகுப்பில் இறங்கத் தக்கவர்கள் ஐவர். ஐவரும் காலமாகிவிட்டனர். ஆகவே இருபது ஆண்டுகளாக அவர் எவருக்கும் இறங்கியதில்லை. பிறக்கும்போதே பெயரின் இறுதியில் 'ஆர்' என்னும் மரியாதை விகுதியோடு பிறந்தவர் அவர். தொட்டிலில் கிடந்தபோதும் அவரை 'ஆறுமுகநயினான்' என்று எவரும் அழைத்திருக்க முடியாது.

அந்த ஹம்பரும் இலேசுப்பட்ட வண்டியன்று. இங்கிலாந்திலிருந்து கொழும்புக்குக் கப்பலிலும், கொழும்பிலிருந்து எங்கள் துறைக்குக் கொப்பரை மூட்டைகளின் நடுவே தோணியிலும் வந்து சேர்ந்து, இருபத்தேழு வயது எழுத்தர் ஒருவரின் கைக்குக் கிடைத்து, முப்பத்தேழு ஆண்டுகள் அவரோடு வாழ்ந்த வண்டி அது. முன்சக்கரத்தைப் பற்றிய கவையில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு குழாய்கள். கைப்பிடியிலிருந்து சக்கரம்வரை கயிறாக அன்றிக் கம்பியாகவே இறங்கும் பிரேக்கு. சங்கிலியை முழுவதுமாக மூடிய பெட்டி, அதனால் வெளுத்த வேட்டியில் ஒரு பொட்டு எண்ணெய் பட்டதில்லை. செம்பு ஆணிகள் அடித்த தோல் இருக்கை, அது முப்பத்தேழு ஆண்டுகளில் அவருடைய உடம்பின் அச்சாகவே மாறிவிட்டது. பின்சக்கரக் குடத்துக்குள் மூன்று கியர், மிதிப்பதை நிறுத்தினால் பக்கத்தில் யாரோ கைக்கடிகாரத்தைக் காதருகே பிடித்ததுபோல் டிக் டிக் டிக் என்னும் ஒலி. எங்கள் ஊரின் காற்றில் ஆணி இரண்டு மாதத்தில் துருப்பிடிக்கும், பூட்டு ஒரு மழைக்காலத்தில் சாவியை மறக்கும். ஹம்பரின் கறுப்பு வண்ணத்திலும் அதன்மேல் ஓடிய பொன்கோடுகளிலும் உப்புக்காற்றால் ஒரு புள்ளி வைக்க முடியவில்லை. ஏனெனில் ஆறுமுகநயினார் நாள்தோறும் காலையில் ஆரக்கால் ஆரக்காலாக அதை எண்ணெய்த் துணியால் துடைத்தார். துடைத்தபின் மனைவி உலகம்மாளிடம் காப்பி கேட்டார். இந்த வரிசை மாறியதில்லை.

அவர் ஹம்பரை எவருக்கும் இரவல் கொடுத்ததில்லை. "என் பல்செட்டக் கேளு, கழத்தித் தாரேன். ஹம்பரக் கேக்காத" என்பார். இருக்கையின் உயரத்தை வாங்கிய அன்று அளவுநாடா வைத்துத் தாமே அமைத்தவர், அதன் பிறகு அந்தத் திருகாணியை எந்தக் கையும் தொடவிடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் தேநீர்க் கடையில் நின்றவர்கள் கேட்டார்கள்:

"என்ன அண்ணாச்சி, எறங்கிட்டிய?"

"டயர்ல காத்து இருக்கான்னு பாத்தேன்" என்றார் ஆறுமுகநயினார்.

"இருக்கா?"

"இருக்கு."

புதன்கிழமை, இறப்பு வீடுகளில் சங்கூதும் வண்ணமுத்து எதிரே வந்தபோது ஹம்பர் மீண்டும் நின்றது. "இன்னைக்கும் காத்தா அண்ணாச்சி?" என்று கடை கேட்டது. ஆறுமுகநயினார் மணியடித்துக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் பெண்ணுக்கு நின்றது. சனிக்கிழமை அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே மீரானின் சைக்கிள் கடைக்குப் போனார்.

மீரான் எங்கள் ஊரின் எல்லாச் சைக்கிள்களையும் அவற்றின் இருமலை வைத்தே அடையாளம் காண்பவர். அவர் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் ஹம்பரைத் தொட்டார். குடத்தைப் பிரித்தார், கம்பிகளைத் தளர்த்தினார், குண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். எல்லாவற்றையும் மீண்டும் பூட்டினார்.

"அண்ணாச்சி, பிரேக்கு புடிக்கல. வண்டி நிக்கி. ரெண்டும் வேற வேற" என்றார்.

"என்னல வேற?"

"புடிச்சா நான் சரிபண்ணிருவேன். நிக்கதுக்கு நான் என்ன செய்ய? அது பாத்து நிக்கி."

இவ்வாறு நோய் இன்னதென்று தெரிந்துவிட்டபடியால் ஊர் அமைதியடைந்தது. அதற்கேற்ப வாழத் தொடங்கியது. ஆயினும் ஒரு சொல்லைப் பற்றிய வழக்கு மட்டும் தீரவில்லை. ஆறுமுகநயினார், "நான் இறங்கினேன்" என்றார். ஊர், "ஹம்பர் எறக்கிட்டு" என்றது. இறங்குதல் தன்வினை, இறக்குதல் பிறவினை. இரண்டுக்கும் இடையே ஒரு மெல்லின ஒற்று வல்லினமாகும் வேறுபாடுதான். அந்த ஓர் ஒற்றுக்காக அவர் தேநீர்க் கடையில் மூன்று பேரோடு பேச்சை நிறுத்தினார்.

வைகாசி பிறப்பதற்குள் ஹம்பர் ஒன்பது பேருக்கு நின்றிருந்தது. யாருக்கு நிற்கும், ஏன் நிற்கும் என்பதற்கு ஊரார் கண்ட விதிகள் ஒவ்வொன்றும் அடுத்த வாரமே பொய்த்தன. நல்லவருக்கு நிற்கும் என்றார்கள். திருட்டு வழக்கில் சிறை சென்று அன்றுதான் ஊர் திரும்பிய ஒருவருக்கு நின்றது. உழைப்பவருக்கு நிற்கும் என்றார்கள். வாழ்நாளில் ஒரு துரும்பையும் நகர்த்தாத ஒரு கிழவருக்கு, அவர் பேருந்து நிலையத்தில் உறங்கி எழுந்து கொட்டாவி விட்டபடி வந்தபோது நின்றது. நகராட்சித் தலைவருக்கு ஒரே ஒரு முறை நின்றது. அன்று தாம் என்ன செய்தோம் என்று அவர் நாள் முழுவதும் சிந்தித்தார். நீலச் சட்டை அணிந்திருந்தார், இடியாப்பம் உண்டிருந்தார், கிழக்குச் சந்து வழியே வந்திருந்தார் என்பவை தவிர எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஆகவே நாற்பது நாள் அதே நீலச் சட்டையில், இடியாப்பம் உண்டு, கிழக்குச் சந்து வழியே வந்தார். ஹம்பர் மணியடித்துக்கொண்டு போய்விட்டது. எனினும் அந்த மாதம் வெள்ளளத்தில் இடியாப்பம் அவியாத வீடு இல்லை.

ஒருநாள் காலை ஆறுமுகநயினார் வீட்டை விட்டுப் புறப்பட்டு இரண்டு முழம் உருண்டதும், குடத்துத் தண்ணீரோடு எதிரே வந்த உலகம்மாளைக் கண்டு ஹம்பர் நின்றது. அவர் இறங்கினார். உலகம்மாள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசத்துல இப்பதான் எனக்கு எறங்குதிய" என்றார்.

"நான் எங்க எறங்குனேன், இதுல்லா எறக்குது!" என்று ஆறுமுகநயினார் எரிச்சலில் சொல்லிவிட்டார். இரண்டு மாதமாக ஊரோடு நடத்திய வழக்கில் அவர் தோற்றது அவ்வாறுதான். தெரு முழுவதும் அதைக் கேட்டது.

ஹம்பரின் வேலை சாலையோடு நிற்கவில்லை, பேச்சுக்குள்ளும் நுழைந்தது. எங்கள் வட்டாரத்தில் ஒருத்தி வந்ததை 'வந்தா' என்போம். மதிப்புக்குரியவராயின் 'வந்தாவ' என்போம். இலக்கணம் எத்தனையோ விகுதிகளை வகுத்திருந்தாலும், எங்கள் ஊரில் ஒரு மனிதரின் மரியாதை அந்த ஒற்றை வகரத்தில் அடங்கியிருந்தது. சில தெருக்களில் பிறந்தவர்கள் அதனோடு பிறந்தார்கள். மற்றவர்கள் அது இல்லாமலே வாழ்ந்து, அது இல்லாமலே செத்தார்கள், 'செத்தான்' என்று. இப்போது ஹம்பர் யாருக்கெல்லாம் நின்றதோ அவர்களை அவ்வாறு சொல்ல நா எழவில்லை. முதலில் தயங்கியும், பிறகு கேலியாகவும், பிறகு பழக்கத்தாலும், "சங்கூத வண்ணமுத்து வந்தாவ" என்றார்கள். "பேச்சித்தாய் சொன்னாவ" என்றார்கள். தேநீர்க் கடையில் அவர்களுக்குத் தனியே இருந்த குவளை ஒருநாள் காணாமற்போயிற்று, எவரும் தேடவில்லை. கல்யாணத் தரகர்கள், "ஹம்பர் நின்ன குடும்பமா?" என்று விசாரித்தார்கள்.

உப்பு மூட்டை சுமக்கும் ஒரு கழுதைக்கு ஹம்பர் நின்ற அன்று, சிக்கல் இலக்கணத்தின் வாசலுக்கு வந்தது. கழுதை 'வந்தது' என்பதா, 'வந்தாவ' என்பதா என்று ஊரார் என்னிடம் கேட்க வந்தார்கள். முப்பத்தொரு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் என்பதால் தீர்ப்புச் சொல்லும் கடமை எனக்கு வந்தது. உவப்பு மிகும்போது அஃறிணையை உயர்திணையாகச் சொல்லுதல் வழுவன்று, அதற்கு இலக்கணத்திலேயே அமைதி உண்டு என்றேன். அன்று முதல் அந்தக் கழுதை வெள்ளளத்தில் 'வந்தாவ', 'போனாவ', 'கத்துதாவ'. எனக்காக ஹம்பர் ஒருமுறையும் நின்றதில்லை. அதையும் இங்கே பதிந்துவிடுவதே முறை.

ஆடி மாதத்தில் மீரான் அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை. சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டே, வாயில் வந்ததைக் கேட்டார்.

"அது சரி அண்ணாச்சி. ஒங்களக் கண்டா இது நிக்குமா?"

ஆறுமுகநயினார் இதுவரை அதை நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்க வழியில்லை, ஹம்பர் எவரை நோக்கி வந்தாலும் அவர் அதன் மேல் அமர்ந்திருந்தார். அதன் எதிரே நின்றறியாத ஒரே மனிதர் இந்த ஊரில் அவர்தாம். கழுதைக்கு நின்ற வண்டி தமக்கு நிற்குமா என்பதை அறிய ஒரே வழி, அதை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, சாலையில் போய் நிற்பது.

மூன்று நாள் அவர் சரியாக உண்ணவில்லை. நான்காம் நாள் காலையில் ஹம்பரை மீரானிடம் கொடுத்தார். "அந்த முக்குல இருந்து வா. வேகமா வராத, மெதுவாவும் வராத" என்றார். பெரிய தெருவின் நடுவில், வெளுத்த வேட்டியோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். மீரான் ஏறினார், இருக்கையின் உயரத்தில் கால் எட்டாமல் நெளிந்து நெளிந்து மிதித்தார், ஹம்பர் வந்தது, வந்தது, ஆறுமுகநயினாரின் வலப்பக்கமாக, டிக் டிக் டிக் என்று, அவர் ஒரு விளக்குக் கம்பம் என்பதுபோல் கடந்து சென்றது.

"நானே பிரேக்க அமுக்கியிருக்கணும். அறிவு இல்லாமப் போச்சு" என்று மீரான் திரும்பி வந்து சொன்னார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"அமுக்கினா அது பிரேக்கு. நிக்கது வேற. நீதான சொன்ன" என்றார் ஆறுமுகநயினார்.

அன்று அவர் ஹம்பரை வீட்டின் பின்னறையில் நிறுத்திப் பூட்டினார். அதைத் துடைக்கவில்லை. வரிசை மாறியது, காப்பியையும் கேட்கவில்லை. உலகம்மாள் தாமே கொண்டுபோய் வைத்த காப்பி ஆடை படர்ந்து ஆறியது. முதல் மூன்று நாள்களில் ஹம்பரின் கைப்பிடியில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. ஏழாம் நாள் மணியின் ஓரத்தில் துரு ஒரு கடுகளவு உட்கார்ந்தது. ஊரின் நாக்கிலும் அவ்வாறே ஆயிற்று. ஏழு பத்துக்குச் சாலை வெறுமையாக இருந்தது. யாரும் யாருக்கும் நிறுத்தப்படவில்லை. பத்தாம் நாள் தேநீர்க் கடையில் ஒருவர், "சங்கூதி வந்தான்" என்றார். எவரும் திருத்தவில்லை. கழுதை மீண்டும் 'வந்தது'.

பதினோராம் நாள் ஆறுமுகநயினார் உப்பளத்துக்கு நடந்து போனார். எழுத்தராயிருந்த காலம் முழுவதும் அங்கே ஹம்பரில்தான் போயிருந்தார். நடந்தபோதுதான் அது இரண்டு மைல் என்று தெரிந்தது. பாத்திகளில் வெயில் கண்ணாடித் தூளாக உடைந்து கிடந்தது. புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, மேலே ஆண்கள் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, நீண்ட பலகையால் உப்பை வரப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார் பேச்சித்தாய்.

"ஏளா பேச்சி" என்றார் அவர் பழக்கத்தில்.

பேச்சித்தாய் நிமிர்ந்து பார்த்தார். "என்ன ரைட்டரையா, நடந்து வந்திருக்கிய? வண்டிக்கு என்ன?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. அது மொதல்ல நின்னது ஒனக்கு. ஏன்னு ஒனக்குத் தெரியுமா?"

"அத வண்டிட்டல்லா கேக்கணும்?"

"எனக்கு நிக்கலியே."

"கேள்விப்பட்டேன்" என்றார் பேச்சித்தாய். பலகையை வரப்பில் சாய்த்தார். "ஒங்க வண்டி நின்ன அன்னைக்கு எனக்கு எங்கய்யா ஞாபகம் வந்துட்டு. எங்கய்யாவத் தெரியுமா ஒங்களுக்கு?"

"மாடன்தான? மூட்டை தூக்குவான்."

"தூக்குவாவ" என்றார் பேச்சித்தாய்.

அவர் அதைத் திருத்தும் குரலில் சொல்லவில்லை; பாத்தியில் கிடந்த ஒரு குச்சியை எடுத்து எறிவதுபோல் சொன்னார். மாடன் இறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் ஊரில் அவருக்கு அந்த வகரத்தை வைத்த ஒரே வாய் அவருடைய மகளுடையது.

"எனக்கு அப்ப ஏழு வயசு" என்று அவர் தொடர்ந்தார். "எங்கய்யா ஒருநா வாடகைச் சைக்கிள் எடுத்தாவ. என்னை முன்னால பார்ல உக்காரவெச்சாவ. பெரிய தெருவழியா மணியடிச்சிட்டு வந்தாவ. எனக்கு அந்த மணிய அடிக்கத்தான் ஆசை. நீங்க ஒங்கய்யா கயித்துக்கடை மூணாம் படியில நின்னிய. மீசை அப்பதான் மொளைச்சிருந்துது ஒங்களுக்கு. ஒரே வார்த்தைதான் சொன்னிய."

"என்ன சொன்னேன்?"

"'எறங்குல'ன்னிய."

அக்காலத்தில் பெரிய தெருவுக்குள் இன்னார் சைக்கிளில் ஏறிப் போகலாம், இன்னார் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும் என்று இருந்தது. எழுதி வைக்கவில்லை, எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மாடன் அன்று அதை மறந்திருந்தார், அல்லது மறக்க விரும்பியிருந்தார்.

"எறங்கினாவ. என்னையும் எறக்கினாவ. தெரு முடியுதவரைக்கும் தள்ளிட்டே போனாவ. தெரு முடிஞ்சும் ஏறல. அதுக்கப்புறம் சாவுத வரைக்கும் ஏறல."

"எனக்கு ஞாபகமே இல்லியே" என்றார் ஆறுமுகநயினார்.

"ஒங்களுக்கு எதுக்கு இருக்கப் போவுது? எங்களத்தான எறங்கச் சொன்னிய" என்றார் பேச்சித்தாய். அவர் குரலில் கோபம் இல்லை. அது ஆறுமுகநயினாருக்கு இன்னும் கடினமாக இருந்தது.

"நாளைக்குக் காலைல..." என்று தொடங்கியவர், நிறுத்தி, மீண்டும் தொடங்கினார். "நாளைக்குக் காலைல ஹம்பரக் கொண்டாந்து ஒங்க வீட்டு வாசல்ல நிறுத்துதேன். பெரிய தெருவழியா ஓட்டிட்டு வாங்க."

'வாங்க' என்பதை இருவரும் கேட்டார்கள், கேளாதவர்கள்போல் இருந்தார்கள்.

"எதுக்கு? ஒங்களக் கண்டு நிக்குதான்னு பாக்கவா?"

அவர் பொய் சொல்லவில்லை. "ஆமா."

பேச்சித்தாய் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்துப் பாத்திகளில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "நிக்கலன்னா என்ன செய்விய?"

"நிக்கலன்னா நிக்கல."

"வாரேன். ஒங்களுக்காவ இல்ல" என்று பலகையைக் கையில் எடுத்தார். "எனக்கு அந்த மணிய அடிக்கணும்."

மறுநாள் காலையில் வெள்ளளத்தில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. எல்லாரும் பெரிய தெருவில் நின்றோம். பழைய கயிற்றுக் கடை இப்போது ஜெராக்ஸ் கடையாகியிருந்தது. கருங்கல் படிகள் மட்டும் அப்படியே இருந்தன. இரவோடு இரவாகத் துடைத்துப் பொன்கோடுகளை மீட்ட ஹம்பரைப் பேச்சித்தாயின் வாசலில் சேர்த்துவிட்டு வந்து, ஆறுமுகநயினார் மூன்றாம் படியில் ஏறி நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அவ்வளவு உயரத்தில் நின்றால் ஹம்பருக்குத் தம்மைத் தப்பாமல் தெரியும் என்று அவர் கருதியிருக்கலாம். மீரான் படிக்கு அருகில் நின்றார், உலகம்மாள் எதிர்ச் சாரியில் நின்றார், வண்ணமுத்து நின்றார், கழுதையும் நின்றது.

ஏழு பத்துக்கு மணிச்சத்தம் கேட்டது.

ஒரு முறை அடித்து ஓய்ந்த மணியன்று அது. உப்பளச் சாலை திரும்பும் இடத்தில் தொடங்கி, தெருவின் முகப்பில் வளர்ந்து, நிற்காமல், கைசளைக்காமல், ஐம்பத்தொரு வயதுக் கட்டைவிரல் ஒன்று ஏழு வயதின் பாக்கியை முழுவதுமாக அடித்துத் தீர்ப்பதுபோல் வந்தது. அதன் பின்னால் ஹம்பர் வந்தது. ஹம்பரின் மேல், பாத்தியில் நிற்பதுபோலவே புடவையை ஏற்றிச் செருகி, வெளுத்த ஆண் சட்டை அணிந்து, எட்டாத உயரத்து இருக்கையில் இப்படியும் அப்படியும் சாய்ந்து, நுனிக்காலால் மிதித்து, முகத்தைச் சிறிதும் தாழ்த்தாமல் பேச்சித்தாய் வந்தார். வெயில் தெருவின் குறுக்கே விழுந்திருந்தது. கடைகளின் பெயர்ப்பலகைகளையும், நின்றவர்களின் முகங்களையும், நாற்பத்துநான்கு ஆண்டுகளையும் ஒவ்வொன்றாகக் கடந்து அவர் வந்தார்.

நாங்கள் எல்லாரும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆகவே ஆறுமுகநயினார் செய்ததை முதலில் கண்டவர் உலகம்மாள் ஒருவரே. அவர்தாம் வாயில் கைவைத்தார். அதைக் கண்டு நாங்கள் திரும்பினோம். ஆறுமுகநயினார் மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு வந்திருந்தார். பிறகு முதற் படி. பிறகு தெரு. தெருவின் ஓரத்துக்கு ஒதுங்கி, மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துத் தழையவிட்டு, கைகள் இரண்டையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு, எந்த வண்டியும் அவரைப் பணிக்காமல், எந்த மிதிகட்டையும் அவரைத் தடுக்காமல், அவர் நின்றார். பேச்சித்தாய் அவரைக் கடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. மிதிப்பதை நிறுத்தியிருந்தார், டிக் டிக் டிக் என்னும் ஒலி மட்டும் தெரு முடியும்வரை கேட்டது.

மீரான் மெல்ல நெருங்கி வந்தார். இதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நிக்கல, அண்ணாச்சி" என்றார்.

ஆறுமுகநயினார் தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எது?" என்றார்.

சற்றுப் பொறுத்துப் பேச்சித்தாய் திரும்பி வந்து, கயிற்றுக் கடைப் படியருகே, தாமாக இறங்கினார். மூச்சு வாங்கிற்று. ஹம்பரின் கைப்பிடியை ஆறுமுகநயினாரிடம் நீட்டினார்.

"வண்டி தங்கம். சீட்டுதான் ஒசரம், ரைட்டரையா. கொஞ்சம் எறக்கிவைங்க."

மீரான் கையில் ஸ்பேனரோடு முன்வந்தார். ஆறுமுகநயினார் அவரைத் தடுத்து, ஸ்பேனரை மட்டும் வாங்கிக்கொண்டார். முப்பத்தேழு ஆண்டுகள் எந்தக் கையும் தொடாத திருகாணி எளிதில் இளகவில்லை. வேட்டி மண்ணில் புரள, தெருவிலேயே முழங்காலிட்டு, அவர் அதை நெம்பினார். அது முனகி, ஒரு சுற்றுக்கு விட்டுக்கொடுத்தது. அவர் இருக்கையை இரண்டங்குலம் இறக்கினார். பேச்சித்தாய் ஏறி உட்கார்ந்து, இரு பாதங்களும் மிதிகட்டையில் முழுவதும் படிவதைப் பார்த்து, "இப்பச் சரி" என்றார்.

"நாளைக்கும் வேணுமா?"

"வேணும். நாளைக்கு அளத்துக்கு நடக்க மாட்டேன்."

"பேச்சித்தாய்க்கு நாளைக்கும் வேணுமாம்" என்று ஆறுமுகநயினார் மனைவியிடம் அறிவித்தார். "சொல்லுதாவ."

அன்று காலையில் அவர் இறங்கினார், இறக்கினார். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. இரண்டுக்கும் எழுவாய் ஆறுமுகநயினாரே. வகுப்பில் எத்தனையோ எடுத்துக்காட்டுகள் எழுதிப்போட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவான ஒன்று எனக்கு அப்போது கிடைத்ததில்லை.

ஹம்பர் இப்போதும் சில நாள் சிலருக்கு நிற்கிறது என்கிறார்கள். ஓட்டுகிறவர் அதற்கு முன்பே இறங்கிவிடுவதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காலையில் அது பேச்சித்தாயோடு உப்பளத்துக்குப் போகிறது. மாலையில் ஆறுமுகநயினாரோடு கடைத்தெருவுக்கு வருகிறது. இருக்கையை அவர் மீண்டும் உயர்த்தவில்லை. மிதிக்கும்போதெல்லாம் அவருடைய முழங்கால்கள் கைப்பிடியில் இடிக்கின்றன. தெரு முழுவதும் அந்தச் சத்தம் கேட்கிறது. "சீட்ட ஏத்திக்கிடக் கூடாதா அண்ணாச்சி?" என்று மீரான் வாரம் ஒருமுறை கேட்கிறார்.

"வேண்டாம்ல" என்கிறார் அவர். "எறங்குததுக்கு இதுதான் வசதி."